பெட்டா மீனோட வால் கிழிஞ்சிருந்தா, மருந்துக்கு முன்னாடி கிழிசலைப் பாருங்க

நீங்க கேட்டது இதுதான்: ஒரு மாசம் முன்னாடி சென்னை கொளத்தூர்ல ஒரு நீலக் கலர் ஹாஃப்மூன் (வால் அரைநிலா மாதிரி விரியுற வகை) ஆண் பெட்டா, அதாவது சண்டை மீன், வாங்கி, மூணு லிட்டர் கண்ணாடி பவுல்ல வெச்சிருக்கீங்க, உள்ள ரெண்டு பிளாஸ்டிக் செடி, கொஞ்சம் கலர் கல்லு, ஃபில்டர் கிடையாது, வாரத்துக்கு ஒருதடவை மொத்தமா கழுவி புதுத் தண்ணி ஊத்துறீங்க. இப்ப வால் நுனி கிழிஞ்சு நார் நாரா தொங்குது, கடையில ஒரு நீல மருந்து குடுத்தாங்க, நாலு நாளா ஊத்தியும் ஒண்ணும் மாறல, இது ஃபின் ராட்டா, அதாவது பாக்டீரியாவால வாலும் துடுப்பும் அரிச்சுப் போற நோயா, மீன் செத்துடுமா, வால் திரும்ப வளருமா.

கடைசிக் கேள்வில இருந்து வரேன். வளரும். மீனோட வாலும் துடுப்பும் திரும்ப வளரக்கூடிய உறுப்பு, உள்ள மெல்லிசா எலும்புக் கம்பி மாதிரி ஓடுறதை ரே-ன்னு சொல்லுவாங்க, அந்த ரே-யோட அடிப்பாகம் உடம்புல சேர்ற இடத்துல பாதிப்பு இல்லாத வரைக்கும் அது மறுபடி நீளும், நடுவுல இருக்கிற சவ்வும் கூடவே வரும். நுனி மட்டும்தான் போயிருக்குன்னு நீங்க சொல்றதைப் பார்த்தா பயப்படுற கட்டத்துல இல்ல. ஆனா அந்த நீல மருந்தை இன்னைக்கே நிறுத்துங்க. லேபிள் இல்லாத பாட்டில்னா உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது, பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூவாத்தான் இருக்கும், அது பூஞ்சைக்கும் முட்டை கெடாம இருக்கவும் நல்ல மருந்துதான், பாக்டீரியாவால வால் அரிக்கிறதுக்கு அதை நம்பி உக்காரக் கூடாது.

வால் கிழியுறதுங்கிறது ஒரே நோய் இல்லைங்க. ஜுரம்னு வந்தா டாக்டர் எதனாலன்னு பார்த்துட்டுத்தானே மருந்து எழுதுவாரு. இதுலயும் கிழிசலோட ஓரத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும், ஆனா வால் கிழிஞ்சா உடனே மருந்துன்னே பழகிட்டோம், அதுல நிறைய மீன் வீணாப் போகுது.

எப்படிப் பாக்கணும்னா, பவுலுக்குப் பின்னாடி ஒரு வெள்ளைப் பேப்பரை வெச்சு, போன் டார்ச்சை பக்கவாட்டுல இருந்து அடிங்க, நேரா முகத்துல அடிக்காதீங்க மிரண்டுடும். அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடியை பத்து செகண்ட் காட்டுங்க, வேற ஆண் மீன்னு நினைச்சு செவுளை விரிச்சுக்கிட்டு வாலை முழுசா விசிறிக் காட்டும், அந்த நேரத்துல ஒரு போட்டோ எடுத்துக்கங்க, உடனே கண்ணாடியை எடுத்துடுங்க. தினமும் அதே பக்கம் அதே மாதிரி ஒரு போட்டோ எடுத்து வெச்சீங்கன்னா கூடுதா குறையுதான்னு சந்தேகமே வராது, கண்ணால பாத்துட்டு ஞாபகத்துல வெச்சு ஒப்பிடுறது சரியா வராது.

போட்டோல ரெண்டு ரே-க்கு நடுவுல நேரா ஒரு பிளவு மட்டும் இருந்து, ரெண்டு பக்கத் துண்டும் அப்படியே இருந்து, ஓரத்துல கலர் மாறாம இருந்தா, அது எதுலயோ மாட்டிக் கிழிஞ்சது. ஒரே நாள்ல வரும், மீன் சுறுசுறுப்பாத்தான் இருக்கும். அதுவே வாலோட ஓரத்துல அரைவட்டமா ஒரு துண்டு காணாம போயிருந்தா, நேத்து ராத்திரி முழுசா இருந்து காலையில பாத்தா இல்லைன்னா, அது கடி. தொட்டில வேற மீன் இருந்தா அது கடிச்சிருக்கும், டைகர் பார்ப், சர்ப்பே டெட்ரா எல்லாம் நீளமான வாலைக் கண்டா விடாது. தனியா இருந்தா அதுவே தன் வாலைக் கடிச்சிருக்கு, அதைப்பத்தி கீழ சொல்றேன். ஃபின் ராட் வேற மாதிரி இருக்கும். ஓரம் கருப்பாவோ பழுப்பாவோ செவப்பாவோ வெளுத்தோ இருக்கும், வெட்டுன மாதிரி இல்லாம கரைஞ்ச மாதிரி இருக்கும், சவ்வு முதல்ல போயிடும், ரே மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும், நீங்க சொல்ற நார் நாரா தொங்குறது அதுதான்னு எனக்குப் படுது. முக்கியமான அடையாளம் நாளுக்கு நாள் உள்பக்கமா ஏறிக்கிட்டே வர்றது. பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா இருந்தா பூஞ்சையா இருக்கலாம், இல்ல காலம்நாரிஸ்னு ஒரு பாக்டீரியா நோய், அதுவும் பாக்கறதுக்கு பஞ்சு மாதிரியே இருக்கும், ஆனா வெயில் காலத்து சூட்டுத் தண்ணில அது ரொம்ப வேகமா பரவும், அதுல நாள் கடத்தக் கூடாது.

ரெண்டு விஷயத்துல ஏமாறாதீங்க. கிரௌன்டெய்ல் வகைக்கு பொறப்புலயே ரே நீட்டிக்கிட்டுத்தான் இருக்கும், சவ்வு பாதியிலயே நின்னுடும், அதைப் பார்த்து ஃபின் ராட்னு மருந்து ஊத்துறவங்க இருக்காங்க. இன்னொண்ணு, வால் ஆற ஆரம்பிச்சா கிழிஞ்ச ஓரத்துல கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத ஒரு மெல்லிசான பட்டை வரும், சில சமயம் லேசா வெள்ளையாத் தெரியும். அது புதுசா வளர்ற சவ்வு. ஐயோ பூஞ்சைன்னு அந்த நேரத்துல மருந்து ஊத்துனா நல்லா வந்துக்கிட்டு இருக்கிறதை நாமளே கெடுக்குறோம்.

இப்ப உங்க பவுலுக்கு வருவோம். வால் அரிக்கிற பாக்டீரியா, ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் இந்த வகையெல்லாம், எங்கயோ இருந்து புதுசா வர்றது கிடையாது. எந்தத் தொட்டித் தண்ணியிலயும் எப்பவும் இருக்கும். ஆரோக்கியமான மீனோட மேல இருக்கிற வழவழப்பான படலம் அதை உள்ள விடாது. தண்ணி கெட்டு, அந்தப் படலம் பாதிக்கப்பட்டு, மீனும் சோர்ந்து போனா, ரத்த ஓட்டம் கம்மியா இருக்கிற வால் நுனில இருந்து அது ஆரம்பிக்கும். தண்ணியைக் கெடுக்கிறதுல முதல் ஆளு அம்மோனியா. மீனோட செவுள் வழியா அம்மோனியா வந்துக்கிட்டே இருக்கும், கழிவும் மிச்சம் போட்ட தீனியும் அழுகி இன்னும் சேரும். ஃபில்டர் உள்ள ஒரு தொட்டில அதுல வளர்ற நல்ல பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும், அப்புறம் நைட்ரேட்டா மாத்தும், நைட்ரேட் அவ்வளவு விஷம் இல்ல, வாரம் ஒருதடவை கொஞ்சம் தண்ணி மாத்துனா போயிடும். அந்த பாக்டீரியா செட் ஆக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். உங்க மூணு லிட்டர் பவுல்ல ஃபில்டரும் இல்ல, கல்லுல கொஞ்சம் நஞ்சம் வர்றதையும் வாராவாரம் கழுவித் துடைச்சு எடுத்துடுறீங்க, ஆக அம்மோனியா ஏறி ஏறி ஏழாவது நாள் உச்சத்துக்குப் போகும், எட்டாவது நாள் ஒரேடியா புதுத் தண்ணி, அதுல பிஹெச் (தண்ணியோட அமில, காரத்தன்மை அளவு) வேற, சூடு வேற, மறுபடி ஏற ஆரம்பிக்கும். ஒரு மாசமா அந்த மீன் இந்த ஏத்த இறக்கத்துலதான் இருந்திருக்கு. கடையில குட்டி டப்பாலதானே வெச்சிருந்தாங்கன்னு கேப்பீங்க, அங்க அது வித்துப் போற வரைக்கும் இருக்கிற இடம், வாழ்ற இடம் இல்ல.

நம்ம ஊர்த் தண்ணில இன்னொரு சிக்கல் இருக்கு. போர் தண்ணி நிறைய இடத்துல உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து பிஹெச் எட்டு கிட்ட இருக்கும். பிஹெச் ஏழுல இருக்கிறதை விட எட்டுல அதே அளவு அம்மோனியாவோட விஷப் பகுதி கிட்டத்தட்ட பத்து மடங்கு, சூடு கூடக்கூட இன்னும் ஏறும். அதனால பெங்களூர்ல ஒருத்தருக்கு தாங்கின பவுல் வளர்ப்பு மே மாசத்து சென்னையில தாங்கணும்னு இல்ல. மெட்ரோ வாட்டர்னா குளோரின் இருக்கும், ஒரு பக்கெட்ல பிடிச்சு ஒரு நாள் திறந்து வெச்சாலோ, கடையில விக்கிற ஆன்டி குளோரின் சொட்டு விட்டாலோ போயிடும். லாரித் தண்ணி வீட்டுக்கு வந்தா வர்ற ஒவ்வொரு லோடும் வேற வேற தண்ணி, அன்னைக்கு மட்டும் கொஞ்சமா மாத்துங்க. நிறைய பேர் பாசமா ஆர்ஓ தண்ணி, கேன் தண்ணி ஊத்துறாங்க, அதுல தாது உப்பு கிட்டத்தட்ட எதுவும் இருக்காது, பிஹெச்சை பிடிச்சு நிறுத்த ஆள் இல்லாம திடீர்னு கீழ சரியும், அதனால அதை மட்டும் தனியா ஊத்தாதீங்க, குழாய்த் தண்ணியோட கலந்து ஊத்தலாம்.

என்ன செய்யணும்னு சொல்றேன். இன்னைக்கே பவுல் தண்ணில பாதி மாத்துங்க, மொத்தமா மாத்தாதீங்க. புதுத் தண்ணி பழைய தண்ணியோட சூட்டுக்கு வந்திருக்கணும், ரெண்டுலயும் கை விட்டா வித்தியாசம் தெரியக் கூடாது. பெரிய தொட்டி வர்ற வரைக்கும் தினமும் இப்படி பாதி. கல்லைக் கழுவாதீங்க, பவுலை சோப்பு போட்டுத் தேய்க்காதீங்க, மீனை வெளிய எடுக்கவே வேணாம், ஒரு சின்ன ட்யூப் போட்டு அடியில இருக்கிற கழிவை உறிஞ்சி எடுத்தாப் போதும். எடுத்தே ஆகணும்னா வலையில பிடிக்காதீங்க. ஹாஃப்மூன் வால் வலைக் கண்ணில மாட்டிக்கிட்டு, அது துள்ளும்போது சவ்வு பிளந்துடும், நீங்க வாராவாரம் வலையில பிடிச்சு மக்ல போட்டிருந்தீங்கன்னா பாதிக் கிழிசல் அதுலயே வந்திருக்கலாம். ஒரு டம்ளரை தண்ணிக்குள்ள சாய்ச்சுப் பிடிச்சு மெதுவா தண்ணியோட சேர்த்து மொண்டு எடுங்க.

அடுத்து தொட்டி. குறைஞ்சது பதினஞ்சு இருபது லிட்டர். நீளம் அகலம் உயரம் ஒவ்வொரு அடி இருக்கிற தொட்டி 28 லிட்டர், அது ஒரு பெட்டாவுக்கு தாராளம், மேஜை மேலயே வெச்சுக்கலாம். அதுல ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப்ல இருந்து வர்ற ட்யூப்ல ஒரு வால்வ் போட்டு காத்தைக் கம்மி பண்ணிடுங்க, தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கக் கூடாது. மேல ஒரு மூடி கட்டாயம் வேணும், இந்த மீன் குதிக்கும். மேல வந்து காத்தை வாயால எடுத்து சுவாசிக்கிற உறுப்பு இதுக்கு இருக்கு, அதனால மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விடுங்க. முடிஞ்சா அம்மோனியா டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிடுங்க, மருந்துக்கு செலவு பண்றதுக்கு இது எவ்வளவோ மேல், ரீடிங் பூஜ்யமா இருக்கணும், 0.25 காட்டுச்சுன்னாலே அன்னைக்கு தண்ணி மாத்தணும்.

சூடு 25ல இருந்து 28 டிகிரி. சென்னையில வருஷத்துல பாதிக்கு மேல ஹீட்டர் தேவையே படாது. ஆனா ஏசி ரூம்ல வெச்சிருந்தா ராத்திரி முழுக்க ஏசி ஓடி காலையில தண்ணி 22, 23க்கு வந்திருக்கும், பகல்ல ஏசி இல்லாம மறுபடி முப்பது, தினமும் இப்படி ஏறி இறங்குறது எந்த மீனுக்கும் ஆகாது. தொட்டியை அந்த ரூம்ல இருந்து மாத்துங்க, முடியலைன்னா சின்ன ஹீட்டர் ஒண்ணு போடுங்க. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இடத்துல இருக்கிறவங்களுக்கு ஹீட்டர் இல்லாம பெட்டாவே வேணாம்னுதான் சொல்லுவேன்.

உப்பு. மளிகைக் கடையில கிடைக்கிற சாதா கல்லுப்பு போதும், அக்வேரியம் சால்ட்னு தனியா காசு குடுத்து வாங்கணும்னு இல்ல, வேற எதுவும் சேர்க்காத கல்லுப்பா இருக்கட்டும். லிட்டருக்கு ஒரு கிராம், அதாவது பத்து லிட்டருக்கு தலை தட்டுன டீஸ்பூன் ரெண்டு. தனியா ஒரு மக் தண்ணில முழுசா கரைச்சு, ஒரு மணி நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, கல்லா அப்படியே போட்டா மீன் மேல படுற இடம் எரிஞ்சிடும். உப்பு ஆவியாப் போகாது, அதனால கால்வாசி தண்ணி மாத்துனா அந்தக் கால்வாசிக்கு உண்டான உப்பை மட்டும் திரும்பப் போடணும், ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஸ்பூன் போட்டா ஒரே வாரத்துல கடல் தண்ணி ஆயிடும். அதிகபட்சம் பத்து நாள், அப்புறம் தண்ணி மாத்தி மாத்தி உப்பை வெளிய எடுத்துடுங்க. லேசான ஃபின் ராட் முக்கால்வாசி சுத்தமான தண்ணி, இந்த உப்பு, இது ரெண்டுலயே நின்னுடும். எப்சம் சால்ட்டுங்கிறது வேற, அது வயிறு உப்புனா போடுறது, அதை இதுக்குப் போடாதீங்க.

பாதாம் இலை கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம தெருவுல, ஸ்கூல் காம்பவுண்டுல குடை மாதிரி அடுக்கடுக்கா நிக்குமே அந்த பாதாம் மரத்தோட இலைதான், ஆன்லைன்ல பாக்கெட் போட்டு விக்கிறதும் அதேதான். தானா பழுத்து செவந்து விழுந்து காய்ஞ்ச இலையா பொறுக்குங்க, ரோட்டோரம் புகை படுற இடம், மருந்து அடிக்கிற இடம் வேணாம். நல்லா அலசி, பத்து இருபது லிட்டருக்கு ஒரு இலை. தண்ணி டீ கலர்ல மாறும், இலையில இருந்து இறங்குற டானின்ங்கிற துவர்ப்புச் சத்து லேசா கிருமியை அடக்கும், மீனும் அமைதியாகும், இலைக்கு அடியில போய் படுத்துக்கும். இது மருந்துக்கு பதில் இல்ல, துணைக்குத்தான், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச துணை. மஞ்சள் தூள் போடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, வேணாம், அது கரையாது, அடியில படிஞ்சு அழுகும், கடைத் தூள்ல என்ன கலந்திருக்குன்னும் தெரியாது.

அஞ்சு நாள் ஆகியும் கருப்பு ஓரம் உள்ள ஏறிக்கிட்டே இருந்தாலோ, வால் அடியில ரத்தக் கோடு தெரிஞ்சாலோ, சாப்பிடாம துடுப்பை ஒடுக்கிக்கிட்டு ஒரு மூலையில கிடந்தாலோதான் ஆன்டிபயாடிக். அப்பவும் மெடிக்கல் ஷாப்ல மனுஷங்களுக்கு விக்கிற டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரிச்சுக் கொட்டுறதை தயவுசெஞ்சு செய்யாதீங்க. அளவு தெரியாதுங்கிறது ஒரு பக்கம், டெட்ராசைக்ளின் வகை மருந்து தண்ணில இருக்கிற கால்சியம், மெக்னீசியத்தோட போய் ஒட்டிக்கும், நம்ம போர் தண்ணி மாதிரி கடினத் தண்ணில மீனுக்குப் போய் சேர்றது கொஞ்சம்தான். கானாமைசின், நைட்ரோஃபியூரசோன் உள்ள மீன் மருந்தா லேபிளோட வாங்கி, தனியா ஒரு பிளாஸ்டிக் டப்பாலயோ பக்கெட்லயோ மீனை வெச்சு, லேபிள்ல போட்ட அளவு, போட்ட நாள் வரைக்கும் குடுங்க, ரெண்டு நாள்ல தேறிடுச்சுன்னு நடுவுல நிறுத்தாதீங்க. மெயின் தொட்டில ஊத்துனா ஃபில்டர்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவும் சாகும், அம்மோனியா மறுபடி ஏறும், சுத்தி அதே இடத்துக்கு வந்து நிப்பீங்க. மீன் பாக்குற வெட்னரி டாக்டர் பக்கத்துல இருந்தா மருந்து கட்டத்துல அவங்களைக் கேக்குறது இன்னும் நல்லது.

பிளாஸ்டிக் செடியை எடுத்துடுங்க. சந்தேகமா இருந்தா ஒரு பழைய ஷிஃபான் துப்பட்டாவை அந்தச் செடி மேல, பொம்மை மேல இழுத்துப் பாருங்க, எங்க நூல் மாட்டுதோ அங்க வாலும் மாட்டும். அதுக்குப் பதிலா அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி நிஜச் செடி வைங்க, ரெண்டும் கம்மி வெளிச்சத்துலயே வளரும், உப்பு போட்டு முடிச்ச அப்புறம் வெச்சா இன்னும் நல்லது. இலை அகலமா தண்ணி மேல்மட்டத்துக்கு கிட்ட இருந்தா அதுலயே படுத்துத் தூங்கும்.

வாலைத் தானே கடிக்கிறதைப் பத்தி சொல்றேன்னு சொன்னேன். ஹாஃப்மூன் வெச்சிருக்கிற யாரும் இதைத் தெரிஞ்சுக்கணும். தாய்லாந்துல வயல்லயும் வாய்க்கால்லயும் வாழ்ற காட்டு பெட்டாவுக்கு வால் சின்னது. 180 டிகிரி விரியுற இந்த வால் நாம தேர்ந்தெடுத்து தேர்ந்தெடுத்து வளர்த்தது, ரோஸ்டெய்ல்னா அதுல இன்னும் மடிப்பு மடிப்பா கூடுதல் பாரம். அந்த வாலை இழுத்துக்கிட்டு ஃபில்டர் வேகத்துல நீந்துறது அதுக்குக் கஷ்டம். ஒரு கட்டத்துல உடம்பை U மாதிரி வளைச்சு, சட்டுனு சுத்தி, தன் வாலை வாயால எட்டிப் பிடிச்சு ஒரு இழு இழுக்கும். கண் இமைக்கிற நேரம்தான், பக்கத்துல உக்காந்து பாத்தாலொழிய தெரியாது, காலையில அரைவட்டமா ஒரு துண்டு காணாம போனதுதான் தெரியும். மன உளைச்சல்லயும் கடிக்கும், தொட்டிக் கண்ணாடியில தன் பிம்பம் நாள் முழுக்கத் தெரிஞ்சா, பக்கத்துத் தொட்டில இன்னொரு ஆண் தெரிஞ்சா, சும்மா வேடிக்கைக்கு அடிக்கடி கண்ணாடி காட்டுனா. ஃபில்டர் வேகத்தைக் குறைங்க, தொட்டிக்கு ரெண்டு பக்கம் பேப்பர் ஒட்டுங்க, மறைஞ்சு ஓய்வெடுக்க இலை குடுங்க, லைட்டை எட்டு பத்து மணி நேரத்துல அணைங்க. பெண் மீனை ஜோடியா சேர்த்து விடுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஒண்ணோட வாலை இன்னொண்ணு பிச்சுடும். இதெல்லாம் செஞ்சும் சில மீன் பழக்கமா கடிச்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு மருந்து கிடையாது, தண்ணியை சுத்தமா வெச்சு அந்தக் காயத்துல ராட் வராமப் பாத்துக்கிறதுதான் நம்ம வேலை.

தீனி ஒரு வேளைக்கு ரெண்டு மூணு பெல்லட், காலையும் மாலையும். வாரத்துல ஒரு நாள் ஃப்ரோசன் பிளட்வார்ம் குடுத்தா வால் வளர புரோட்டீன் கிடைக்கும். சாக்கடையில இருந்து எடுத்து வர்ற உயிர் ட்யூபிஃபெக்ஸ் புழு இந்த நேரத்துல வேணவே வேணாம்.

ஆறுறதுக்கு எவ்வளவு நாள்னா, ஓரத்துல கண்ணாடிப் பட்டை ஒரு வாரம் பத்து நாள்லயே தெரிய ஆரம்பிக்கலாம். ஹாஃப்மூன் வால் முழு நீளத்துக்கு வர மாசக்கணக்காகும், வயசான மீனுக்கு இன்னும் மெதுவா. புதுசா வர்ற பாகம் முதல்ல நிறமில்லாம இருந்து அப்புறம்தான் நீலம் ஏறும், சில மீனுக்கு பழைய கலருக்கும் புதுக் கலருக்கும் நடுவுல ஒரு கோடு அப்படியே நிலைச்சிடும், ரே சில இடத்துல வளைஞ்சு வளரும், பழைய அரைநிலா வட்டம் அச்சா வராமப் போகலாம். மீனுக்கு அதனால ஒரு கஷ்டமும் இல்ல. இன்னொரு பெட்டா வாங்குற எண்ணம் இருந்தா, கடையில பிளாகட்னு கேட்டுப் பாருங்க, வால் குட்டை, காட்டு மீனோட உடம்புக்கு கிட்டக்க இருக்கும், நல்லா வேகமா நீந்தும், இந்த வால் பிரச்சினைல முக்கால்வாசி அதுக்கு வர்றதில்ல.